இரண்டாம் தொட்டியில் அரை மீட்டர்

யாராவது "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டால் வைஷாலி சுற்றி வளைக்க மாட்டாள். "சகதி அளக்குறேன்" என்பாள். கேட்டவர் சிரிப்பதா, முகம் சுளிப்பதா என்று யோசித்து முடிப்பதற்குள், "நீங்க குளிச்ச தண்ணி, துவைச்ச தண்ணி, மத்த தண்ணியெல்லாம் எங்க போய்ச் சேருதுன்னு நினைச்சீங்க?" என்று ஒரு கேள்வியையும் போட்டுவிடுவாள்.

போன ஆண்டு சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் இதே கதைதான். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை காதோடு சொன்னாள்: "கம்ப்யூட்டர் லைன்னு சொல்லிக்கலாமேடி. பொண்ணு கேட்டு வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"வர்றவங்க வீட்ல டாய்லெட் இருக்கும்ல அத்தை?"

எதிர் வரிசையில் ரசம் குடித்துக்கொண்டிருந்த அண்ணன் வேலாயுதத்துக்குப் புரையேறிவிட்டது. அத்தை பாயசம் கேட்கும் சாக்கில் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

வைஷாலிக்கு வயது முப்பத்து நான்கு. தொழிற்கல்விக் கழகத்தில் இரண்டு ஆண்டு படித்தாள். அதற்கு மேல் படிக்க வாய்க்கவில்லை. காக்கி புக்கிட் பகுதியில் கருவிகளைச் சோதித்துப் பராமரிக்கிற ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஏழு ஆண்டுகள் அவள் கருவிப்பெட்டி தூக்கினாள், கயிறு பிடித்தாள், அடுத்தவர் சொல்லச் சொல்ல எண்களை எழுதினாள். கையெழுத்து மட்டும் அடுத்தவருடையது. கம்பெனி வாசலில் கண்ணாடி போட்ட ஒரு தாள் மாட்டியிருக்கும். சோதனைச் சான்றிதழில் கையெழுத்திட உரிமை உள்ளவர்களின் பட்டியல் அது. அதில் இரண்டே பெயர்கள். முதலாவது இர்ஃபான். ஐம்பது வயதுக்காரர், எந்த வம்புக்கும் போகாதவர். இரண்டாவது, வைஷாலியின் பெயர், நான்கு ஆண்டுகளுக்கு முன்னால்தான் ஏறியது. அன்று வேலாயுதம் ஜாலான் புசாரில் தான் வேலை பார்க்கும் கடையிலிருந்து வேலைநேரத்தில் காக்கி புக்கிட் வரை வந்து, அந்தத் தாளைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனான். அந்தப் படம் இன்னும் அவன் போனில் இருக்கிறது.

அந்தப் பெயரை எடுத்துவிடுவேன் என்று முதலாளி பிரேம் அவளை மிரட்டிய கதைதான் இது.

நோன்பு மாதத்தின் கடைசி வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. துவாஸ் தொழிற்பேட்டையில் ஒரு நூடல்ஸ் தொழிற்சாலை. மாவு கழுவிய தண்ணீர், எண்ணெய்ச் சட்டி கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் அவர்களே சுத்திகரித்துத்தான் வெளியே விட வேண்டும். பின்பக்கம் அதற்காக மூன்று வட்டத் தொட்டிகள். ஒவ்வொன்றும் நான்கு மீட்டர் இருபது சென்டிமீட்டர் ஆழம். தண்ணீர் அங்கே வந்து சும்மா நிற்கும். கசடு மெதுவாக அடியில் படியும், மேலே தெளிந்த தண்ணீர் விளிம்பு வழியாக வழிந்து போகும். அடியில் படிந்த கசட்டை அவ்வப்போது பம்ப் போட்டு இழுக்க வேண்டும். இழுக்காமல் விட்டால் அது படுக்கைபோல உயர்ந்துகொண்டே வரும். ஒரு நாள் பெருமழையோ ஆலையின் பெருவேலையோ வந்தால் படுக்கை கலைந்து மேலெழுந்து, தெளிந்த தண்ணீரோடு சேர்ந்து வெளியே போய்விடும்.

அந்தப் படுக்கை எவ்வளவு உயரம் என்று சொல்வதற்குத்தான் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சென்சார். உள்ளங்கை அளவு உருளை. எவர்சில்வர் கம்பியின் நுனியில் தண்ணீருக்குள் தொங்கும். கீழே நோக்கி ஓசை அனுப்பும். ஓசை கசட்டில் பட்டுத் திரும்பிவர எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டு, இத்தனை மீட்டர் கசடு என்று திரையில் காட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வைஷாலி வந்து அது சொல்வது உண்மைதானா என்று பார்ப்பாள்.

பார்ப்பதற்கு அவளிடம் ஒரு குழாய் இருக்கிறது. கண்ணாடிபோலத் தெளிந்த பிளாஸ்டிக். மூன்று துண்டுகளைத் திருகிச் சேர்த்தால் ஐந்து மீட்டர். அடியில் ஒரு பந்து அடைப்பான். தொட்டியில் நேராக இறக்கினால் தண்ணீரும் கசடும் இருக்கிற அடுக்கிலேயே உள்ளே ஏறிக்கொள்ளும். தூக்கும்போது பந்து வாயை அடைத்துவிடும். வெளியே எடுத்தால் தொட்டியின் வயிறே கையில் இருக்கும்: மேலே தெளிவு, கீழே பழுப்பு. வேலாயுதம் தான் வேலை பார்க்கும் கடையில் செய்து கொடுத்தது. உயர்நிலை இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் அவன். ஆனால் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, ஐம்பதுக்கு ஒரு சிவப்புக் கோடு என்று அந்தக் குழாயில் அவன் போட்ட குறிகளை இரும்பு அளவுகோல் வைத்துச் சரிபார்த்தபோது, ஐந்து மீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டர்கூடத் தவறு இல்லை.

முதல் தொட்டி சரி. இரண்டாம் தொட்டியில் திரை 0.80 என்றது. வைஷாலி குழாயை இறக்கித் தூக்கினாள். பழுப்பு 1.30இல் நின்றது.

அவள் குழாயைக் கொட்டிவிட்டு மூன்றடி தள்ளி மறுபடி இறக்கினாள். 1.30. தொட்டியின் குறுக்கே போகும் நடைபாலத்தின் மறுபக்கம் போய் இறக்கினாள். 1.32.

"என்னம்மா, ஒரே தொட்டியில மூணு தரம் மீன் புடிக்கிற?" என்றார் அஸ்மத். அந்தத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிற ஆபரேட்டர் அவர். ஐம்பத்தெட்டு வயது. இடுப்பில் எப்போதும் ஒரு பட்டை கட்டியிருப்பார். நோன்பு வைத்திருந்ததால் குரல் கொஞ்சம் வறண்டிருந்தது.

"மீன் பெருசா இருக்குண்ணே. மீட்டர் சின்னதுங்குது."

சென்சாரின் முகத்தில் வழவழப்பு படிந்தால் ஓசை மங்கும். அதைத் துடைத்துப் பார்த்தாள். சுத்தமாகத்தான் இருந்தது. அஸ்மத் வாரா வாரம் துடைக்கிறவர். திரை 0.80இலேயே நின்றது. பிறகு ஒரு தட்டையான எவர்சில்வர் தகட்டைச் சங்கிலியில் கட்டி, சென்சாருக்குக் கீழே சரியாக இரண்டு மீட்டரில் நிறுத்தினாள். கருவி இரண்டு மீட்டர் என்றது. ஒன்றரைக்கு ஏற்றினாள். ஒன்றரை என்றது.

"இதுக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றாள் தனக்குள். கம்பியைக் கையால் பிடித்தபடி மேலிருந்து கீழே பார்த்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. தண்ணீர் தொடுகிற இடத்தில் எந்தக் கம்பியிலும் ஒரு பச்சைப் பாசிக் கோடு இருக்கும். இதில் இரண்டு கோடுகள். ஒன்று தண்ணீர் மட்டத்தில், இளம்பச்சை. இன்னொன்று அதற்கு மேலே, காய்ந்து கறுத்தது. அளவு நாடாவை வைத்தாள். இரண்டுக்கும் நடுவே சரியாக ஐம்பது சென்டிமீட்டர்.

கம்பியை யாரோ அரை மீட்டர் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். தூக்கிக் கட்டியது கருவிக்குத் தெரியாது. பழைய இடத்தில்தான் தொங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு, இருக்கிற கசட்டில் அரை மீட்டரைக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ப் பழைய பதிவைத் திரையில் எடுத்தாள். தொழிற்சாலையின் இளம் எஞ்சினியர் மதுசனும் அஸ்மத்தும் பின்னால் நின்றார்கள். வரைபடம் மேலும் கீழுமாக மலைபோலப் போய்க்கொண்டிருந்தது. பிப்ரவரி ஏழாம் தேதி காலை பத்து இருபதுக்கு 1.10 என்று இருந்த கோடு, பத்து இருபத்தொன்றுக்கு 0.60க்குக் குதித்திருந்தது.

"கசடு ஒரு நிமிஷத்துல அரை மீட்டர் இறங்குமா மதுசன்?" என்றாள்.

மதுசன் திரையை நெருங்கிப் பார்த்தான். அஸ்மத்தான் சொன்னார்.

"நான்தான் தங்கச்சி ஏத்தினேன்."

இருவரும் திரும்பினார்கள்.

"நீதானே சொன்ன, வாரத்துக்கு ஒரு தரம் கண்டிப்பாத் துடைக்கணும்னு. மத்த ரெண்டு தொட்டியில எட்டும். இதுல கேபிள் பெட்டி குறுக்க நிக்குது. முட்டி போட்டு, கைப்பிடிக் கம்பிக்கு வெளியில பாதி உடம்பத் தொங்கவிட்டுத்தான் துடைக்கணும். என் இடுப்பு தாங்கல. தண்ணி பீய்ச்சிக் கழுவுற நாசில் ஒண்ணு கேட்டேன். மூணு தரம் எழுதிக் குடுத்தேன். வரல. அதான் பிரஷ்ஷுக்கு எட்டுற மாதிரி கொஞ்சம் மேல தூக்கிக் கட்டினேன். தண்ணிக்குள்ளதானே இருக்கு, ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்லா."

துடைக்கச் சொன்னவள் தான் என்பது வைஷாலிக்குச் சுருக்கென்றது. எப்படித் துடைப்பீர்கள் என்று அவள் ஒருமுறையும் கேட்டதில்லை. அவர் சொன்னதைத் தட்டாமல் செய்திருக்கிறார். அதற்காகவே செய்த காரியம்தான் அளவைக் கெடுத்திருக்கிறது.

"பம்ப் எத்தனை தரம் போடுறீங்க?"

"முன்னாடி நாளைக்கு ஆறு. மீட்டர் கம்மியாக் காட்டவும் நாலாக் குறைச்சுட்டோம்."

"சீனப் புத்தாண்டுக்கு ஆலை முழுசா ஓடின மாசத்துல குறைச்சிருக்கீங்க." அவள் எழுந்தாள். "இப்பவே ஆறாக்குங்கண்ணே. இன்னைக்கு எட்டு போடுங்க."

அஸ்மத் பம்ப் போடப் போனார். மதுசன் கதவைச் சாத்தினான்.

"மிஸ் வைஷாலி, கண்டுபுடிச்சது ரொம்ப தேங்க்ஸ். கம்பியை இறக்கிடுங்க, சரி பண்ணிடுங்க. ஃபார்ம்ல 'நல்லா இருக்கு'ன்னு போட்டுடுங்க. முடிஞ்சுது."

சான்றிதழில் இரண்டு கட்டங்கள் உண்டு. வந்தபோது கண்ட அளவு என்று ஒன்று, போகும்போது வைத்த அளவு என்று ஒன்று. இரண்டாவதைச் சரியாக எழுதுவதில் யாருக்கும் சிரமம் இல்லை. மதுசன் கேட்டது முதலாவதை.

"வந்தப்ப நல்லா இல்லையே."

"வந்தப்பன்னு எழுதினா, அஞ்சு வாரமா நான் ஹெட் ஆபீஸுக்கு அனுப்பின நம்பர் எல்லாம் தப்புன்னு ஆயிடும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கேன். இங்க சேர்ந்தே எட்டு மாசம்தான் ஆகுது."

"தப்புதான் மதுசன். தப்பான நம்பர்தான் போயிருக்கு."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே!"

"ஆகல. அதையும் எழுதுறேன்."

மதுசன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவள் பேனாவை எடுத்து, வந்தபோது கண்ட அளவு என்ற கட்டத்தில் திரை 0.80, குழாய் 1.30 என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தில், கம்பி ஐம்பது சென்டிமீட்டர் மேலே நகர்த்தப்பட்டுள்ளது, பிப்ரவரி ஏழு முதல் எல்லா அளவும் அரை மீட்டர் குறைவு என்று எழுதினாள். யார் நகர்த்தினார்கள் என்று எழுதவில்லை. அப்படி ஒரு கட்டம் அந்தத் தாளில் கிடையாது.

அவள் கையெழுத்துப் போடுவதற்குள் போன் அடித்தது. மதுசன் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தது யாரிடம் என்று அப்போது தெரிந்தது.

"வைஷாலி, என்ன பண்ணிக்கிட்டிருக்க?" பிரேமின் குரல்.

"அளந்துக்கிட்டிருக்கேன் பாஸ்."

"விளையாடாத. கஸ்டமர் கூப்பிட்டு அழுவுறான். அவங்க மூணு தொட்டிதான், ஆனா அவங்க குரூப்ல இன்னும் பதினொண்ணு இருக்கு. அந்த வேலையை யாருக்குக் குடுக்குறதுன்னு அடுத்த மாசம் முடிவு பண்றாங்க. ஒரு கட்டத்தைக் காலியா விடு. அவ்வளவுதான் கேக்குறேன்."

"காலியா விட்டா அளக்கலைன்னு அர்த்தம். நான் அளந்தேனே."

"அப்ப அந்தத் தாள்ல கையெழுத்துப் போடாம கிளம்பி வா. இர்ஃபானை அனுப்பிக்கிறேன்."

"போட்டுட்டேன்" என்றாள். அந்த நொடியில்தான் போட்டாள்.

பிரேம் குரலைத் தாழ்த்தினான். "அது சிஸ்டத்துல ஏறாது. உன் பேரு லிஸ்ட்ல இருக்கணுமா வேணாமான்னு வெள்ளிக்கிழமை பேசிக்கலாம். எதையும் தொடாத. அப்படியே விட்டுட்டு வா."

எதையும் தொடாதே என்றால் கம்பியும் மேலேயே இருக்கும், கருவியும் அரை மீட்டர் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். வைஷாலி தொட்டிக்குப் போனாள். அங்கே ஆபரேட்டரின் குறிப்பேடு ஒன்று தொங்கும். அன்றைய தேதியிட்டு, திரையை நம்ப வேண்டாம், குழாயில் அளக்கவும், இன்று 1.30 என்று எழுதித் தன் முழுப் பெயரையும் கீழே போட்டாள். பிறகு தன் குழாயைக் கழற்றாமல் அஸ்மத்திடம் கொடுத்தாள்.

"காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். நேரா இறக்கணும். அவசரப்படாம தூக்கணும். சிவப்புக் கோட்டுல எண்ணுங்க."

"உன் குழாய்லா இது. நீ என்ன பண்ணுவ?"

"எனக்கு ஒரு அண்ணன் இருக்கான்."

அஸ்மத் குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். "என் பேரை ஏன்மா எழுதல? நான்தானே பண்ணேன்."

"மூணு தரம் நாசில் கேட்டவர் பேரா, குடுக்காதவங்க பேரா, எதை எழுதறது?"

அவர் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அது ஒன்றுதான்.

வேலாயுதம் வேலை பார்க்கும் கடை ஜாலான் புசாரில் பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளம். வாசல்வரை குழாய்களும் ஆணிப் பெட்டிகளும் வந்து நிற்கும். மாலை ஆறு மணிக்கு வைஷாலி போய் நின்றபோது அவன் ஒரு வாடிக்கையாளருக்குச் செப்புக் குழாய் வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டுவதற்கு முன்னால் எஃகு ஊசியால் ஒரு கோடு கிழிப்பது அவன் பழக்கம். "பேனா அழிஞ்சிடும், ஊசி அழியாது" என்று கேட்காதவர்களிடமும் சொல்வான்.

"அண்ணே, இன்னொரு குழாய் வேணும்."

"போனது என்னாச்சு?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வேலாயுதம் வேலையை நிறுத்தாமல் கேட்டான். பெயரை எடுத்துவிடுவேன் என்று பிரேம் சொன்ன இடத்தில் மட்டும் அவன் கை நின்றது.

"எடுத்துடுவானாமா? ஏழு வருஷம் பொதி சுமக்க வச்சுட்டு?" அவன் காது சிவந்துவிட்டது. "நாளைக்கு நான் வர்றேன் உன் ஆபீஸுக்கு."

"நீ வந்து என்ன பண்ணுவ?"

"நிப்பேன். சும்மா நின்னாலே ஆளு பெருசாத் தெரிவேன்ல?"

வைஷாலிக்குச் சிரிப்பு வந்தது. வேலாயுதம் ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்து மேசையில் கிடத்தி, ஊசியை எடுத்தான். முதல் கோடு கிழிக்கும்போது நிமிராமலே கேட்டான்.

"அந்தக் கம்பி எந்த இடத்துல கட்டியிருக்கணும்னு நீ கோடு போட்டு வச்சிருந்தியா?"

வைஷாலி மேசையில் கிடந்த குழாயைப் பார்த்தாள்.

"டிசம்பர்ல நீதானே கடைசியாப் பார்த்த?"

"போடல" என்றாள். கோடு இருந்திருந்தால் அஸ்மத் கம்பியைத் தளர்த்தியபோதே பார்த்திருப்பார். துடைத்துவிட்டு அதே கோட்டில் கட்டியிருப்பார். ஒரு நிமிட வேலை. பாசிக் கோட்டைப் பார்த்துக் கண்டுபிடித்ததைக் காலையிலிருந்து பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தவளுக்குத் தன் கோடு அங்கே இல்லாதது அப்போதுதான் உறைத்தது.

"அதையும் எழுதணும்" என்றாள்.

வேலாயுதம் ஊசியை வைத்தான். "ஏய், அவன் உன்னைக் கவுக்கப் பார்க்குறான். நீயே கயிறு எடுத்துக் குடுக்குறியா?"

"அவங்க தப்பை எழுதிட்டு என் தப்பை விட்டா, அந்தத் தாளு பாதிதானே அண்ணே?"

அவன் ஊசியை மறுபடி எடுத்தான். அடுத்த கோட்டைக் கிழித்தான். கடை மூடும்வரை கிழித்து, ஐந்து மீட்டரையும் முடித்துக் கொடுத்தான்.

மறுநாள் காலை எட்டரைக்கு வைஷாலி பிரேமின் மேசைக்கு முன்னால் நின்றாள். கையில் அந்தச் சான்றிதழ். பிரேம் நிமிர்ந்தான். முகம் தெளிந்தது.

"வந்துட்டியா? குட். மாத்தி எழுதுறதுன்னா புதுத் தாள் இருக்கு, எடுத்துக்க."

"மாத்தல பாஸ். ஒரு வரி சேர்க்கணும்."

அங்கேயே குனிந்து எழுதினாள்: டிசம்பர் சோதனையின்போது கம்பியில் நிலைக்குறி இடப்படவில்லை. அது சோதித்தவரின் தவறு. கீழே கையெழுத்து, தேதி.

பிரேம் அதைத் தன் பக்கம் திருப்பி இரண்டு முறை படித்தான். "உனக்குப் பைத்தியமா? இதைக் காட்டியே உன் பேரை எடுக்கலாமே நான்!"

"எடுங்க. ஆனா இதைக் காட்டித்தான் எடுக்கணும். அப்ப மேல இருக்கிற வரியும் எல்லாரும் படிப்பாங்க."

பிரேம் கெட்டவன் இல்லை. வாடிக்கையாளர் கோபப்பட்டால் உடனே இறங்கிவந்துவிடுவான், அவ்வளவுதான். அவன் அந்தத் தாளை இழுப்பறையில் போட்டுச் சாத்திவிட்டு, இர்ஃபானைக் கூப்பிட்டான். நாளைக்குத் துவாஸ் போய், இரண்டாம் தொட்டியைச் சரிசெய்து, புதிதாக ஒரு சான்றிதழ் எழுதி வரச் சொன்னான். வந்தபோது கண்ட அளவு என்ற கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்பதையும் சொன்னான். இர்ஃபான் தலையாட்டினார். அவர் எப்போதும் தலையாட்டுவார். பதினோரு ஆண்டுகளில் அவர் ஒருமுறைகூட மறுத்துப் பேசி வைஷாலி பார்த்ததில்லை.

வியாழக்கிழமை காலை அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு அவளைக் கடந்து போனபோது அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "குழாய் அங்கேயே இருக்கு. மூணு இடத்துல விட்டுப் பாருங்க."

"பார்க்கலாம் மா" என்றார். அதற்கு என்ன அர்த்தம் வேண்டுமானாலும் இருக்கலாம்.

அன்று அவளுக்கு வெளிவேலை எதுவும் கொடுக்கப்படவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து பழைய கேபிள்களைச் சுருட்டினாள். வாசலில் கண்ணாடிக்குள் இரண்டு பெயர்களும் இன்னும் இருந்தன. சுருட்டிய கேபிள்களை நீளவாரியாக அடுக்கினாள். அடுக்கியதைப் பிரித்து மறுபடி அடுக்கினாள்.

மூன்று மணிக்கு இர்ஃபான் திரும்பி வந்தார். நோன்புக் களைப்பில் முகம் வெளுத்திருந்தது. நேராகப் பிரேமின் மேசைக்குப் போய்த் தாளை வைத்தார். பிரேம் பார்த்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான்.

"இர்ஃபான் பாய். என்ன இது?"

"ரெண்டு நாளா பம்ப் ஓடியிருக்கு பாஸ். குழாயில 1.10. மீட்டர்ல 0.60. அரை மீட்டர் வித்தியாசம். கம்பி மேல ஏறியிருக்கு. நான் இறக்கல, கண்டதை மட்டும் எழுதியிருக்கேன்."

"நான் உங்ககிட்ட என்ன சொல்லி அனுப்பினேன்?"

"சொன்னீங்க. நானும் தலையாட்டினேன். பேனாவை எடுத்துட்டேன்கூட." இர்ஃபான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "நோன்பு வாயோட பொய் எழுதச் சொல்றீங்களே பாஸ். விடிகாலையிலேர்ந்து தண்ணிகூடக் குடிக்காம இருக்கேன். அதையெல்லாம் ஒரு கட்டத்துல கொண்டுபோய்க் கொட்டவா?"

பிரேம் கண்ணாடியை மறுபடி மாட்டினான்.

"பெருநாள் முடிஞ்சு அனுப்பியிருந்தா..." இர்ஃபான் கொஞ்சம் யோசித்தார். "என்ன பண்ணியிருப்பேனோ, தெரியாது. நீங்க தேதி பார்த்து அனுப்பியிருக்கணும்."

கேபிள் மூலையில் வைஷாலி சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"சிரிக்காதே!" என்றான் பிரேம். "உங்க ரெண்டு பேர் பேரையும் எடுத்தா அந்த ஃபிரேம்ல என்ன இருக்கும்? வெறும் கண்ணாடிதான் இருக்கும்."

பிரேம் இழுப்பறையைத் திறந்தான். வைஷாலியின் தாளை எடுத்து இர்ஃபானின் தாளோடு சேர்த்துக் கிளிப் போட்டான். பிறகு மதுசனைப் போனில் கூப்பிட்டான். "மிஸ்டர் மதுசன், ரெண்டு பேர் தனித்தனியா அளந்துட்டாங்க. ஒரே கணக்குத்தான் வருது. நான் என்ன சொல்லட்டும்? உங்க ரிப்போர்ட்டைத் திருத்தி அனுப்பிடுங்க. நீங்களாச் சொன்னா கொஞ்சமாத்தான் திட்டுவாங்க."

அந்தப் பதினொரு தொட்டிகளின் கதை என்னவாகும் என்று அன்று யாருக்கும் தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை.

பெருநாள் கழிந்த செவ்வாய்க்கிழமை வைஷாலி துவாஸுக்குப் போனாள். மதுசன் தொட்டிப் பாலத்தில் நின்றுகொண்டிருந்தான். ஹெட் ஆபீஸில் எவ்வளவு திட்டினார்கள் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. "அந்தக் குழாயை எப்படி இறக்கணும்?" என்று மட்டும் கேட்டான். அஸ்மத் காட்டிக் கொடுத்தார்: "அவசரப்படாதீங்க சார். மீன் ஓடிடும்." மதுசன் இரண்டு முறை சிந்தினான். மூன்றாவது முறை சரியாகத் தூக்கினான். 0.90.

அவள் கம்பியைத் தளர்த்தி, கறுத்த பாசிக் கோடு தண்ணீரைத் தொடும்வரை இறக்கிக் கட்டினாள். திரை சற்றுத் தடுமாறி 0.91இல் நின்றது. மூன்று இடங்களில் குழாயை விட்டுப் பார்த்தாள். பிறகு சட்டைப் பையிலிருந்து ஓர் எஃகு ஊசியை எடுத்தாள். ஜாலான் புசாரில் வேலாயுதம் தன் மேசையிலிருந்தே எடுத்துக் கொடுத்தது. கம்பியை இறுக்கும் பிடிக்குச் சரியாக மேலே, எவர்சில்வர் கிரீச்சிட, கம்பியைச் சுற்றி ஒரு கோடு கிழித்தாள். பக்கத்தில் தேதி. அதன் கீழே பெயரின் முதல் எழுத்து. பிறகு மற்ற இரண்டு தொட்டிகளுக்கும் போய் அப்படியே கிழித்தாள்.

"நாசில் வந்துச்சாண்ணே?"

"கேட்டிருக்காங்களாம்."

சான்றிதழின் அடியில் குறிப்புகள் என்று ஒரு பெட்டி இருக்கிறது. எல்லோரும் அதில் ஒரு கோடு போட்டு விட்டுவிடுவார்கள். வைஷாலி அதில் எழுதத் தொடங்கினாள். கழுவும் நாசில் தேவை, இது நான்காவது கோரிக்கை, முதல் மூன்றும் ஆபரேட்டர் எழுதிக் கொடுத்தவை என்று நிறுத்தி நிதானமாக எழுதினாள்.

போன் அடித்தது. பிரேம். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது பாஸ்."

"எல்லாம் சரியா இருக்குதானே? குறிப்புப் பெட்டியில ஒண்ணும் எழுதலையே?"

"மூணு வரி."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. என்ன வரி என்று பிரேம் கேட்கவில்லை. அவள் போனை வைத்துவிட்டு, பேனாவை இன்னும் மூடாமல், நான்காவது வரியைத் தொடங்கினாள்.